தலைக்காயத்துக்குப் பின் உடற்பயிற்சி: நினைவும் கவனமும் தேற, வீட்டில் தொடங்குவது எப்படி

"இன்னைக்கு நடந்தியா?" என்று கேட்டால் "நடந்தேன்க்கா" என்பான் தம்பி. நடந்திருக்க மாட்டான். முதலில் பொய் சொல்கிறான் என்று எரிச்சல் வந்தது. நேற்றோ முந்தாநாளோ நடந்த நினைவை அவன் மூளை இன்றைய கணக்கில் எடுத்துக் கொடுக்கிறது என்பது அப்புறம்தான் புரிந்தது. அவனைப் பொறுத்தவரை அது உண்மை.

பைக் விபத்து, ஹெல்மெட் இல்லை, முன்மூளையில் ரத்தக்கசிவு, ஆபரேஷன். நம் ஊரில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இந்தக் கதை இருக்கும். டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகளுக்குக் கீழே "நடைப்பயிற்சி செய்யவும்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. எவ்வளவு, எப்போது, யார் கூட, எப்போது நிறுத்துவது, ஒன்றும் கிடையாது. அந்த ஒரு வரியை விரித்து எழுதினால் எப்படி இருக்குமோ அதுதான் இந்த வழிகாட்டி. நான் டாக்டர் இல்லை. டாக்டரையும் பிசியோதெரபிஸ்டையும் விடாமல் கேள்வி கேட்டு, வீட்டில் ஒன்றரை வருஷம் நோட்டுப் போட்டு எழுதியவள். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் டாக்டரே முடிவு செய்ய வேண்டும்.

உடற்பயிற்சி மூளைக்கு என்ன செய்கிறது, என்ன செய்யாது

இறந்துபோன நரம்புச் செல்லை நடை உயிர்ப்பிக்காது. மிச்சமிருக்கும் செல்கள் தங்களுக்குள் புதுத் தொடர்புகளைப் போட்டுக்கொள்ள நல்ல சூழலை அமைத்துக் கொடுக்கிறது. உடல் உழைக்கும்போது பிடிஎன்எஃப் என்ற புரதம் கூடுகிறது. 1982இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இது, நரம்புச் செல்களுக்கு உரம் மாதிரி. ரத்த ஓட்டம் சீராகிறது, தூக்கம் ஆழமாகிறது, மனச்சோர்வு குறைகிறது. தூக்கமும் மனமும் சரியானாலே கவனம் பாதி தேறிவிடும் என்பது எங்கள் வீட்டு அனுபவம்.

ஆய்வுகளைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். 2011இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 120 முதியவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை ஒரு வருஷம் நடக்க வைத்தார்கள். நடந்தவர்களுக்கு நினைவைப் பதியும் ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதானது. வெறுமனே கைகாலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களுக்குச் சற்றுச் சுருங்கியது. நிறையப் பேர் மேற்கோள் காட்டும் ஆய்வு இது. ஆனால் அவர்கள் யாருக்கும் தலையில் அடிபட்டிருக்கவில்லை. அடிபட்டவர்களை வைத்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 12 வாரம், வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம் டிரெட்மில் பயிற்சி கொடுத்தார்கள். கவனத்தை மாற்றி மாற்றிச் செலுத்தும் திறன் தேறியது. கலந்துகொண்டவர்கள் 7 பேர்தான். ஆக, நம்பிக்கை வைக்கலாம். ஆனால் "மூன்று மாதத்தில் ஞாபகம் திரும்பும்" என்று யாராவது பேக்கேஜ் விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் உதவிய ஆய்வு எலிகளை வைத்துச் செய்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் செய்து 2004இல் வெளியிட்டார்கள். தலையில் அடிபட்ட எலிகளில் ஒரு கூட்டத்தை முதல் வாரத்திலேயே சக்கரத்தில் ஓட விட்டார்கள். இன்னொரு கூட்டத்தை இரண்டு வாரம் ஓய்வு கொடுத்து அப்புறம் ஓட விட்டார்கள். பொறுத்து ஓடிய எலிகளுக்கு பிடிஎன்எஃப் கூடியது, தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருக்கும் மேடையை நினைவில் வைத்துக் கண்டுபிடிக்கும் சோதனையிலும் தேறின. முதல் வாரமே ஓடியவற்றுக்கு அந்தப் பலன் இல்லை, சோதனையில் பின்தங்கின. எலியின் இரண்டு வாரம் மனிதனுக்கு எவ்வளவு என்று நேராகக் கணக்குப் போட முடியாது. ஆனாலும் மாமா வந்து "படுக்கப் போடாதீங்க, எழுப்பி ஓட விடுங்க" என்று சொன்னபோது, அவரிடம் சொல்ல எனக்கு ஒரு பதில் இருந்தது.

லேசான மூளை அதிர்ச்சி, அதாவது ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் தலைவலியும் மந்தமும் மட்டும் இருப்பது, வேறு கணக்கு. அதற்கு இருட்டறையில் வாரக்கணக்கில் படுப்பது என்ற பழைய ஆலோசனை இப்போது இல்லை. 24 முதல் 48 மணி நேரம் அடக்க ஒடுக்கமாக இருந்துவிட்டு லேசாக நடக்கத் தொடங்கச் சொல்கிறார்கள். விளையாட்டில் அடிபட்ட 103 பதின்வயதினரை வைத்து 2019இல் வந்த ஆய்வில், அளவான பயிற்சி செய்தவர்கள் நடுமதிப்பாக 13 நாளில் தேறினார்கள். மற்றவர்களுக்கு 17 நாள் ஆனது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, ரத்தக்கசிவுக்கு ஆபரேஷன் ஆனவரைப் பத்தாம் நாள் நடைக்கு இழுத்துப் போய்விடாதீர்கள்.

படி 1: டாக்டரிடம் கேட்க வேண்டியவை

துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போனால் எல்லாம் மறந்துவிடும், நமக்கும்தான்.

மண்டையோட்டு எலும்பை எடுத்திருக்கிறார்களா? வீக்கத்துக்கு இடம் விட எலும்பை எடுத்து, வயிற்றுத் தோலுக்கு அடியிலோ உறைகுளிர்ப் பெட்டியிலோ பத்திரமாக வைத்திருப்பார்கள். அதைத் திரும்பப் பொருத்தும் வரை அந்த இடத்தில் மூளைக்கு மேல் தோல்தான் பாதுகாப்பு. கட்டிலை விட்டு இறங்கினாலே பாதுகாப்புத் தொப்பி வேண்டுமா, எந்த அசைவு கூடாது என்று கேளுங்கள்.

வலிப்பு வந்ததா, மாத்திரை எத்தனை நாள்? வலிப்பு பயம் இருந்தால் கிணறு, குளம், மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் எல்லாம் பட்டியலிலிருந்து போய்விடும்.

புரோப்ரனலால் போன்ற மாத்திரை ஓடுகிறதா? இது நாடித்துடிப்பை ஏறவிடாது. அப்போது நாடியை வைத்துப் பயிற்சியின் அளவை நிர்ணயித்தால் தப்பாகிவிடும். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா என்பதையும் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் இறங்குவதாலும் இருக்கலாம், உள்காதில் இருக்கும் நுண்கற்கள் இடம் மாறியதாலும் இருக்கலாம். இரண்டாவதைப் பயிற்சி பெற்ற பிசியோ தலையைத் திருப்பித் திருப்பிச் செய்யும் சில அசைவுகளிலேயே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். தலைக்காயத்தில் எல்லாரும் தலையையே பார்ப்பதால் விலா, தோள்பட்டை எலும்பு முறிவுகள் சில நேரம் கண்ணில் படாமல் போகும், அதையும் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

படி 2: இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறார்?

ஆஸ்பத்திரித் தாளில் ஜிசிஎஸ் என்று ஓர் எண் இருக்கும். அடிபட்டவருக்கு எவ்வளவு உணர்வு இருக்கிறது என்று அளக்க, கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு டாக்டர்கள் 1974இல் கொண்டுவந்த அளவுகோல் அது. 3 முதல் 15 வரை. 8க்குக் கீழும் 8ம் கடுமையான காயம், 13ம் அதற்கு மேலும் லேசானது. அந்த எண் விபத்தன்றைய நிலையைச் சொல்கிறது. இன்றைய பயிற்சியை அதை வைத்துத் திட்டமிட வேண்டியதில்லை.

இன்று பார்க்க வேண்டியது வேறு. எங்கே இருக்கிறோம், என்ன கிழமை, காலையில் யார் வந்தார்கள் என்பது அவருக்கு நாளுக்கு நாள் தங்குகிறதா? தங்கவில்லை என்றால் இன்னும் குழப்பக் கட்டம். அதில் "பயிற்சி" என்ற பேச்சே வேண்டாம். உட்கார வைப்பது, நிற்க வைப்பது, ஒரே ஆள் ஒரே வழியில் கைபிடித்து வராந்தாவில் கூட்டிப்போய் வருவது போதும். சத்தம், கூட்டம், டிவி எல்லாவற்றையும் குறையுங்கள். நேற்று நடந்தது இன்று கொஞ்சமாவது தங்கத் தொடங்கிய பிறகு அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: ஒரு வாரம் வெறுமனே அளந்து எழுதுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. செய்யாவிட்டால் மூன்று மாதம் கழித்து "ஒண்ணும் முன்னேற்றம் இல்லை" என்று அம்மா அழும்போது காட்ட எதுவும் இருக்காது.

ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்கள். காலையில் எழுந்தவுடன், படுத்தபடியே நாடித்துடிப்பு. அப்புறம் ஆறு நிமிட நடை: தன் வேகத்தில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் போகிறார் என்று பார்ப்பது. எங்கள் மொட்டை மாடியைச் சுற்றினால் 24 மீட்டர், தையல் டேப்பால் அளந்தோம். தம்பி முதல் முறை 11 சுற்று, 264 மீட்டர். இடையில் நின்றால் நிற்கட்டும், கடிகாரத்தை நிறுத்தாதீர்கள்.

மூளைக்கும் இரண்டு எளிய அளவுகள். ஒரு நிமிடத்தில் எத்தனை காய்கறிப் பெயர் சொல்கிறார்? தம்பி ஆறு சொன்னான், அதில் கத்தரிக்காய் மூன்று முறை. இன்னொன்று, ஐந்து சாமான் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துக் கேட்பது. வாராவாரம் ஒரே பட்டியலைக் கேட்டால் மனப்பாடம் ஆகிவிடும், மாற்றிக்கொண்டே இருங்கள். இவையெல்லாம் பரிசோதனை ஆகாது, வீட்டுக் கணக்குதான். முறையான சோதனையை மருத்துவ உளவியலாளர் செய்வார்.

கடைசியாக, தலைவலி, தலைச்சுற்றல், களைப்பு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை ஒரு மார்க்.

படி 4: எவ்வளவு, எப்படி ஏற்றுவது

தொடக்கம் 5 நிமிடம். 10 நிமிடம் முடியும் என்று தோன்றினாலும் 5. முதல் வாரத்தில் முடிந்ததைவிடக் குறைவாகச் செய்துவிட்டு நிறுத்துவதுதான் கஷ்டம், தம்பியைவிட எனக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது. நாங்கள் ஒரு நாள் உற்சாகத்தில் 25 நிமிடம் நடத்திவிட்டு, அடுத்த இரண்டு நாள் அவன் இருட்டறையில் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்ததைப் பார்த்தோம். அந்த வாரம் முழுக்கப் போயிற்று.

வேகத்துக்கு எளிய அளவு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நாடியை வைத்துச் செய்ய விரும்பினால் கணக்கு இப்படி. 220இலிருந்து வயதைக் கழியுங்கள். வருவதிலிருந்து ஓய்வு நாடியை, அதாவது காலையில் படுத்தபடியே எடுத்ததை, கழியுங்கள். அதில் 40 சதவீதத்தை எடுத்து ஓய்வு நாடியோடு கூட்டுங்கள். தம்பிக்கு வயது 27, ஓய்வு நாடி 78. 220 - 27 = 193; 193 - 78 = 115; அதில் 40 சதவீதம் 46; 46 + 78 = 124. முதல் மாதம் 124ஐத் தாண்டவில்லை. 60 சதவீதம் என்றால் 147. நான்கைந்து மாதம் கழித்து டாக்டரைக் கேட்டுத்தான் அந்தப் பக்கம் போனோம்.

எப்போது நிறுத்துவது? நடப்பதற்கு முன் தலைவலி 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது 4 வரை போய், ஒரு மணி நேரத்துக்குள் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டால் பரவாயில்லை. அதற்கு மேல் ஏறினால் அங்கேயே உட்கார வைத்துவிடுங்கள், நாளைக்கு இன்னும் குறைவாகச் செய்யலாம். இந்த இரண்டு மார்க் விதி மூளை அதிர்ச்சிக்கான உலகளாவிய வழிகாட்டுதலில் உள்ளது. எங்கள் பிசியோ பெரிய காயத்துக்கும் அதையே எச்சரிக்கையோடு பயன்படுத்தச் சொன்னார். இதோடு நான் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டேன்: மறுநாள் காலை எப்படி எழுகிறார் என்பது. நேற்றைய அளவு சரியா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மூன்று நாள் தொடர்ந்து நன்றாக எழுந்தால் 2 நிமிடம் ஏற்றுங்கள். நேரம் முதலில், வேகம் அப்புறம். இரண்டையும் ஒரே வாரத்தில் ஏற்றினால், தலைவலி வரும்போது எதனால் வந்தது என்று தெரியாது. 30 நிமிடத்தைத் தொட எங்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆனது. உலக சுகாதார நிறுவனம் ஊனத்தோடு வாழும் பெரியவர்களுக்கும் சேர்த்து வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு என்று சொல்கிறது. அது தூரத்து ஊர். போகும் வழியில் ஒவ்வொரு நிமிடமும் கணக்குதான்.

நம் வெயிலுக்கு, காலை ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும். வெறும் வயிற்றில் வேண்டாம், ஒரு டம்ளர் கஞ்சியாவது குடித்துவிட்டு.

படி 5: "போலாமா?" என்று கேட்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

முன்மூளையில் அடிபட்டவருக்கு ஒரு வேலையைத் தானாகத் தொடங்கும் விசையே பழுதாகியிருக்கும். கால் நன்றாக இருக்கும், நடக்க வேண்டும் என்பதும் தெரியும், ஆனால் நாற்காலியை விட்டு எழ மாட்டார். பார்ப்பவர்கள் "சோம்பேறி ஆயிட்டான்", "உடம்பு சுகம் கண்டுடுச்சு" என்பார்கள். எங்கள் அப்பாவும் சொன்னார், ஆறு மாதம். காலில் கட்டுப் போட்டவனை யாரும் ஏன் ஓடவில்லை என்று திட்டுவதில்லை. இந்தக் கட்டு வெளியே தெரியாததால் வரும் வினை.

"நடக்கப் போலாமா?" என்று கேட்டால் பதில் "வேணாம்க்கா". எப்போதும். யோசித்து முடிவெடுக்கும் வேலையை அவர் தலையில் போடாமல் அடுத்த சின்ன அசைவை மட்டும் சொல்லுங்கள். "செருப்பைப் போடு." போட்டபின், "மாடிப்படிக்கு வா." அவ்வளவுதான். ஒரே நேரம், ஒரே செருப்பு, ஒரே ஆள், ஒரே வழி. புதிதாக எதையும் நினைவில் பதிக்க முடியாதவருக்குக்கூட இப்படித் திரும்பத் திரும்பச் செய்வது பழக்கமாகப் படியும். பழக்கம் படிவது மூளையில் வேறு பாதை.

நேரம் சொல்லப் போனில் அலாரம் வைத்தோம். அவன் அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். போனை மாடிக் கதவுப் பக்கம் வைத்தோம். அணைக்க எழுந்து போக வேண்டியிருந்தது, போனால் செருப்பு அங்கேயே இருந்தது. பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

முடித்தவுடன் நோட்டில் அவரே டிக் போடட்டும், சுற்றையும் எழுதட்டும். "நடந்தியா?" என்ற கேள்விக்கு இனி நோட்டுதான் பதில் சொல்லும். அப்பாவுக்கும் காட்டலாம். ஒன்று மட்டும்: 27 வயதுப் பையனைப் பாப்பா மாதிரி கைதட்டிப் பாராட்டாதீர்கள். தம்பிக்கு எல்லாம் மறந்தது, அது மட்டும் மறக்கவில்லை, இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறான்.

படி 6: தசைக்கும் சமநிலைக்கும்

வாரத்துக்கு இரண்டு நாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது, சமையல் மேடையைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பது. எட்டு எட்டாக இரண்டு சுற்று. மூச்சை அடக்கித் தூக்கும் எடை வேண்டாம். சிரசாசனம், சர்வாங்காசனம் போன்ற தலைகீழ் நிலைகள் வேண்டவே வேண்டாம். கபாலபாதி போன்ற வேக மூச்சுப் பயிற்சியையும் வலிப்பு வந்தவர்கள் தவிர்ப்பது நல்லது. மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி சோதனை எடுக்கும்போது வேகவேகமாக மூச்சு விடச் சொல்வதே, மறைந்திருக்கும் வலிப்பு அலைகளை வெளியே கொண்டுவரத்தான்.

படி 7: நடையோடு மூளைக்கும் வேலை

20 நிமிடம் சிரமமின்றி நடக்க வந்தபிறகு. நடந்துகொண்டே 100இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்வது, ஊர்ப் பெயர்களைச் சொல்வது. தொடக்கத்தில் கணக்குச் சொன்னால் கால் நிற்கும், நடந்தால் கணக்கு நிற்கும். அந்த மோதல்தான் பயிற்சி. சமதளத்தில் மட்டும் செய்யுங்கள். படியிலும் ரோட்டிலும் வாயை மூடிக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு.

இதைவிட எனக்குப் பிடித்தது கடைக்குப் போவது. மூன்று சாமான், சீட்டில் எழுதிக்கொண்டு, நான் பத்தடி பின்னால். வழி, ரோட்டைக் கடப்பது, சீட்டைப் பார்க்க வேண்டும் என்ற நினைவு, சில்லறை எண்ணுவது, எல்லாம் ஒரே நடையில் வந்துவிடுகின்றன. முதல் முறை சீட்டு சட்டைப் பையிலேயே இருக்க, அரை கிலோ ஜவ்வரிசியோடு வந்தான். பட்டியலில் ஜவ்வரிசி இல்லை. பாயசம் வைத்தோம்.

நினைவுப் பயிற்சியோ, அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் தொழில்முறைச் சிகிச்சையோ (ஆக்குபேஷனல் தெரபி) நடந்தால் அதை நடை முடிந்து அரை மணி ஓய்வுக்குப் பிறகு வையுங்கள். எங்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் அவன் கண் தெளிவாக இருக்கும் நேரம்.

முன்னேற்றம் நின்றுவிட்டால்

நிற்கும். ஐந்தாம் மாதத்தில் எங்களுக்கு நின்றது. அப்போது பயிற்சியைக் கூட்டாமல் வேறு எதாவது தடுக்கிறதா என்று பாருங்கள். இரவுத் தூக்கம், வலிப்பு மாத்திரையின் மயக்கம், மனச்சோர்வு. தலைக்காயத்தில் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டு ஹார்மோன்கள் குறைவதும் உண்டு. தீராத களைப்பாக வெளியே தெரியும், ரத்தப் பரிசோதனையில் பிடிபடும். தம்பிக்கு மாத்திரை அளவை டாக்டர் மாற்றினார், மறு மாதம் 19 சுற்று, 456 மீட்டர். காய்கறி 13.

புதிதாகக் கடும் தலைவலி, வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கக் கலக்கம், ஒரு பக்கம் பலவீனம், வலிப்பு, மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி ஒழுகுவது. இவற்றில் ஒன்று வந்தாலும் நடையைப் பற்றி யோசிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கே பிசியோ வர வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். தங்கிச் செய்யும் மறுவாழ்வுக்கு வேலூர் சிஎம்சியின் பாகாயம் மையம், சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் போன்றவற்றை டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

கடைசிக் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "வண்டி எப்போ ஓட்டலாம்?" 30 நிமிடம் நடப்பதற்கும் வண்டி ஓட்டுவதற்கும் சம்பந்தம் இல்லை. பக்கவாட்டுப் பார்வை, பிரேக் பிடிக்கும் வேகம், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கவனம், வலிப்பு இல்லாத காலம், எல்லாவற்றையும் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டும். எங்களுக்கு இன்னும் சொல்லவில்லை. வண்டி திண்ணையோரம் நிற்கிறது. நடை முடிந்து இறங்கி வந்ததும் தம்பி அதைத் துடைக்கிறான், பத்து நிமிடம். குனிந்து நிமிர்கிற வேலை என்பதால் அதையும் நோட்டில் எழுதிக்கொள்கிறோம்.